தார்க் கலவை ஆலை எத்தனை கிலோமீட்டரில் இருக்க வேண்டும்?

ஒரு டெண்டரில் முறைகேடு என்று செய்தி வந்தால் உடனே எழும் கேள்வி, "எவ்வளவு கைமாறியது?" என்பதுதான். எதிர்க்கட்சி ஒரு தொகையைச் சொல்லும், ஆளுங்கட்சி மறுக்கும், இரண்டு நாள் தொலைக்காட்சியில் விவாதம் ஓடும், பிறகு அடுத்த செய்தி வந்துவிடும். கைமாறிய தொகையை வெளியிலிருந்து யாராலும் நிரூபிக்க முடியாது என்பது பேசுகிற இரு தரப்புக்குமே தெரியும். அதே நேரத்தில் அந்த டெண்டரின் முழு ஆவணமும் அரசின் இணையதளத்தில், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கிறது. நூறு, இருநூறு பக்கம் இருக்கும். அதில் தகுதி நிபந்தனைகள் நான்கைந்து பக்கத்துக்கு மேல் போகாது. அந்த நான்கைந்து பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பணமும் செல்வாக்கும் அரசின் முடிவை எந்த இடத்தில் தொடுகின்றன என்று கேட்டால், அமைச்சரின் கையெழுத்தில் என்றே பலரும் நினைக்கிறார்கள். கையெழுத்துக்குக் கோப்பு வரும்போது அதில் முடிவெடுக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. தகுதி பெற்றவர்கள் இரண்டே பேர், அவர்களில் குறைந்த விலை கேட்டவர் ஒருவர், சட்டப்படி அவருக்குத்தான் கொடுத்தாக வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் விதியை எள்ளளவும் மீறவில்லை. ஏன் இரண்டே பேர் தகுதி பெற்றார்கள் என்பது மாதக்கணக்கில் முன்பே, ஏதோ ஒரு கோட்ட அலுவலகத்தில் தட்டச்சான ஒரு வரியில் தீர்ந்துபோன விஷயம். லஞ்ச ஒழிப்புத் துறை கையும் களவுமாகப் பிடிக்கிற இடத்துக்கும் இந்த வரி எழுதப்படுகிற இடத்துக்கும் வெகுதூரம்.

ஒரே நிபந்தனை, இரண்டு விதமாக

சாலை வேலையையே எடுத்துக்கொள்வோம். தார்ச்சாலைக்கான கலவை இப்போது வேலையிடத்தில் தயாராவதில்லை. ஜல்லியையும் தாரையும் சூடாக்கிக் கலக்கும் ஆலையில் தயாராகி, டிப்பர் லாரியில் தார்ப்பாய் மூடி வருகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி, விஜி 30 ரகத் தார் என்றால் ஆலையிலிருந்து வெளிவரும் கலவையின் வெப்பம் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சாலையில் பரப்பும்போது 140-க்குக் குறையக்கூடாது. ரோலர் ஓட்டுகிறபோது 90-க்குக் கீழே இறங்கிவிடக்கூடாது. ஆறிப்போன கலவை எவ்வளவு உருட்டினாலும் சரியாக இறுகாது. உள்ளே காற்றிடைவெளி மிஞ்சும், மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கும், தார் ஜல்லியை விட்டுப் பிரியும், பள்ளம் விழும். ஆகவே கலவை ஆலை வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான நிபந்தனை. எந்தப் பொறியாளரும் அதில் குறை சொல்ல மாட்டார்.

இந்த நியாயத்தை இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம் இப்படி இருக்கும்: "வேலையிடத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் உள்ள கலவை ஆலையிலிருந்து கலவை கொண்டுவர ஒப்பந்ததாரர் ஏற்பாடு செய்ய வேண்டும், பணி ஆணை பெற்ற 60 நாட்களுக்குள் அதற்கான ஆதாரத்தை அளிக்க வேண்டும்." இரண்டாவது விதம்: "ஒப்பந்தப்புள்ளி அளிப்பவர், அதை அளிக்கும் நாளன்று, வேலையிடத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் தன் பெயரில் சொந்தமாக, இயங்கும் நிலையில் கலவை ஆலை வைத்திருக்க வேண்டும், அதற்குச் சம்பந்தப்பட்ட செயற்பொறியாளரின் சான்றை இணைக்க வேண்டும்."

இரண்டிலும் கிலோமீட்டர் ஒன்றுதான். சாலைக்கு வந்து சேரும் கலவையின் சூடும் ஒன்றுதான். முதல் வாசகத்தின்படி வெளி மாவட்டத்துக்காரரும் போட்டியிடலாம். வேலை கிடைத்தால் பக்கத்து ஆலைக்காரரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார், அல்லது நகர்த்தக்கூடிய ஆலையைக் கொண்டுவந்து நிறுத்துவார். இரண்டாவது வாசகம் வரைபடத்தில் ஒரு வட்டத்தைப் போட்டுவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் எத்தனை ஆலை இருக்கிறது, யாருடையது என்பது அந்தக் கோட்டத்தில் வேலை பார்க்கும் கடைநிலை ஊழியருக்குக்கூடத் தெரியும். இரண்டு ஆலை என்றால் இரண்டு பேர். இரண்டும் அண்ணன் தம்பியுடையது என்றால் ஒரே ஆள்.

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கலவை ஆறுவது நேரத்தைப் பொறுத்தது. நான்குவழிச் சாலையில் 60 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடக்கிற லாரி, ஊருக்குள் 25 கிலோமீட்டரை நகர்ந்து முடிக்க அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். உண்மையிலேயே கவலை சூட்டைப் பற்றி என்றால், வந்து நிற்கிற லாரியில் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, 140-க்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். அதற்கான அதிகாரத்தை மேலே சொன்ன விவரக்குறிப்பே களப் பொறியாளருக்குக் கொடுத்துவிட்டது. அப்படி இருக்கும்போது தூர நிபந்தனை தரத்துக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆளைக் கழிப்பது ஒன்றுதான் அதன் வேலை. ஆலை "சொந்தமாக" இருக்க வேண்டும் என்பதற்கோ இந்த அளவு நியாயம்கூடக் கிடையாது. ஆலைக்குச் சொந்தக்காரர் யார் என்பது தாருக்குத் தெரியாது.

கடைசியில் வருகிற செயற்பொறியாளரின் சான்று இருக்கிறதே, அதுதான் உண்மையான பூட்டு. சான்று வாங்க விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும், தான் போட்டிக்கு வருவதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். மின்னணு டெண்டர் வந்தபிறகு யார் யார் போட்டியிடுகிறார்கள் என்பது திறக்கும் நாள்வரை ரகசியம் என்று சொல்லிக்கொள்கிறோம். சான்று கேட்டு வந்த மனுக்களின் பட்டியல் அலுவலக மேசையில் இருக்கும்போது அதில் ஏது ரகசியம்? வேண்டாதவரின் மனு "ஆய்வில்" இருக்கும். கடைசி தேதி தாண்டும்வரை ஆய்விலேயே இருக்கும். வேலையிடத்தைப் பார்வையிட்டதற்கான சான்று கேட்பதும் இதே வகைதான். ஒரு காலத்தில் டெண்டர் பெட்டிக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி மறிப்பார்கள். இணையவழி வந்ததும் அந்த அடாவடி ஓய்ந்தது உண்மை. அந்த வேலையை இன்று ஒரு சான்றிதழ் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

சதவீதக் கணக்கு

தூரத்தை விட நாசூக்கான கருவி, அனுபவமும் விற்றுமுதலும் (ஒப்பந்ததாரர் ஓராண்டில் செய்யும் வேலையின் மொத்த மதிப்பு). இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும். கடந்த ஏழு ஆண்டுகளில் இதேபோன்ற வேலைகளை முடித்திருக்க வேண்டும்: தலா 40 சதவீத மதிப்பில் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. 10 கோடி ரூபாய் வேலை என்றால் 3 கோடி விற்றுமுதல். 4 கோடியில் மூன்று வேலை, 5 கோடியில் இரண்டு, அல்லது 8 கோடியில் ஒன்று. ஒரு மாவட்டத்தில் இதற்குத் தகுதியானவர்கள் கணிசமாகவே இருப்பார்கள்.

இந்த எண்களை நேரடியாகத் திருத்தினால் தணிக்கையில் மாட்டிக்கொள்ள நேரிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எண்ணைத் தொடுவதில்லை; "இதேபோன்ற வேலை" என்பதற்கு எழுதும் விளக்கத்தில் கை வைக்கிறார்கள். மருத்துவமனைக் கட்டடம் கட்டியிருக்க வேண்டும் என்பது ஒரு விளக்கம். "ஒரே ஒப்பந்தத்தில், 500 படுக்கைகளுக்குக் குறையாத, மைய குளிரூட்டலும் மருத்துவ வாயுக் குழாய்களும் உள்ளடங்கிய அரசு மருத்துவமனைக் கட்டடம்" என்பது இன்னொரு விளக்கம். கேட்டால், நோயாளிகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பார்கள். அதுவும் சரியே. ஆனால் அப்படி ஒரு கட்டடத்தை இதற்கு முன் கட்டியவர்கள் யார் யார் என்று விரலை மடக்கி எண்ணிவிடலாம். இதோடு ஏழு ஆண்டை ஐந்து ஆண்டாகக் குறைத்துவிட்டால், ஆறாம் ஆண்டில் அப்படி ஒன்றைக் கட்டி முடித்தவரும் வெளியே. யாருடைய அனுபவச் சான்றில் எந்தத் தேதி இருக்கிறது என்பது துறைக்குத் தெரியும், அந்தச் சான்றைக் கொடுத்ததே துறைதான்.

எண்ணையும் தொடாமல் விளக்கத்தையும் தொடாமல் காரியத்தை முடிக்க வேண்டுமென்றால் வேலைகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், பேக்கேஜ். தலா பத்துக் கோடியில் பத்துச் சாலை இருக்கிறது. தனித்தனியாக விட்டால் மேலே பார்த்த கணக்கு. ஒன்றாகச் சேர்த்து 100 கோடிக்கு ஒரே டெண்டராக விட்டால், அதே 30 சதவீதம் 30 கோடி ஆகிறது. அதே 80 சதவீதம், ஒரே ஒப்பந்தத்தில் 80 கோடி வேலை முடித்தவரைக் கேட்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, டெண்டர் போடும்போதே கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையை 2 முதல் 5 சதவீதம் வரை வாங்க அனுமதிக்கின்றன. 2 சதவீதம் என்றே வைத்தாலும் 20 லட்சம் கட்ட வேண்டியவர் இப்போது 2 கோடி கட்டி முடக்க வேண்டும். விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாவட்டத்து ஒப்பந்ததாரர்கள் மொத்தமாகக் களத்திலிருந்து போய்விட்டார்கள்.

சேர்த்துக் கட்டுவதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஒரே நீளச் சாலையைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தரத்தில் இருக்கும், பெரிய இயந்திரங்களைக் கொண்டுவருவதும் கட்டுப்படியாகாது. ஆகவே பேக்கேஜ் என்றாலே திருட்டு என்று முடிவு கட்டுவது தவறு. சேர்க்கப்பட்ட சாலைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று வரைபடத்தில் பார்த்தால் போதும். மூன்று தாலுகாவில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் பத்துச் சாலையை ஒரே பேக்கேஜில் போட்டிருந்தால் மேற்பார்வை வசதி என்ற காரணம் அங்கே நிற்காது. அடுத்து, துணை ஒப்பந்தம் பற்றிய ஷரத்தைப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனம் வேலையை எடுத்து, தகுதியில்லை என்று கழிக்கப்பட்ட அதே உள்ளூர்க்காரர்களிடம் குறைந்த விலைக்குப் பிரித்துக் கொடுப்பது ஊரறிந்த நடைமுறை. சாலையைப் போடுகிறவர் மாறவில்லை. நடுவில் நிற்கும் தொகை, சாலைக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

தலைகீழான வித்தையும் உண்டு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் 2000-இல் வந்த விதிகள், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் குறைந்தபட்ச அவகாசம் தர வேண்டும் என்கின்றன. மூன்றரைக் கோடி வேலையை இரண்டாக உடைத்தால் இரண்டுக்கும் 15 நாள் போதும். அவகாசத்தைக் குறைப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் டெண்டர் போடுகிறவர் வங்கியிடமோ வட்டாட்சியரிடமோ சால்வன்சி சான்று, அதாவது பண வசதிக்கான சான்று, வாங்க வேண்டும், ஆடிட்டரிடம் விற்றுமுதல் சான்று வாங்க வேண்டும், வேறு துறைகளில் செய்த வேலைக்கு அனுபவச் சான்று வாங்க வேண்டும், குவாரியிலும் சிமெண்ட் வியாபாரியிடமும் விலை கேட்க வேண்டும். விளம்பரம் பார்த்த பிறகு தொடங்குகிறவருக்கு 15 நாள் போதாது. டெண்டர் வரப்போவது முன்பே தெரிந்தவருக்கு மூன்று நாளே அதிகம். மேற்சொன்ன குறைந்தபட்சத்தையும் குறைக்கலாம், அதற்கு மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். நிதியாண்டு முடிகிறது என்பதே அங்கே அதிகம் எழுதப்படும் காரணம். மார்ச் 31 வரும் என்பது ஏப்ரல் 1-ஆம் தேதியே தெரிந்த விஷயம்தானே என்று திருப்பிக் கேட்க அந்தக் கோப்பில் யாரும் இல்லை.

"மதிப்பீட்டைவிடக் குறைவு" என்பதன் பொருள்

மதிப்பீட்டை விட 5 சதவீதம் குறைவாக டெண்டர் முடிந்தது, அரசுக்கு இத்தனை லட்சம் மிச்சம் என்று அறிவிப்பு வரும். மதிப்பீடே எப்படிப் போடப்பட்டது என்று தெரியாதவரை அந்த மிச்சத்துக்கு அர்த்தமில்லை. துறையின் விலை விகித அட்டவணை ஜல்லி, மணல், தார் ஒவ்வொன்றுக்கும் மூல விலையைத் தருகிறது. அதோடு, பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து வேலையிடம் வரை எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டு ஏற்றிச்செல்லும் கூலியைச் சேர்க்கிறார்கள். இதைத்தான் லீடு என்பார்கள். 18 கிலோமீட்டரில் குவாரி இருக்க, அங்கே தரம் சரியில்லை என்று ஒரு குறிப்பு எழுதி 42 கிலோமீட்டரில் இருக்கும் குவாரியைக் காட்டினால், ஒவ்வொரு கன மீட்டர் ஜல்லிக்கும் 24 கிலோமீட்டர் கூலி கூடிவிடும். வேலை நடக்கும்போது ஜல்லி 18 கிலோமீட்டரிலிருந்தே வரும். ஐந்து சதவீதம் குறைத்துக் கேட்பவருக்கு அந்தக் குறைவை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது நன்றாகவே தெரியும்.

உருப்படி வாரியாக விலை கேட்கும் டெண்டரில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று நடக்கும். புரிவதற்காக இரண்டே உருப்படி உள்ள வேலையை வைத்துக்கொள்வோம்: பாறை வெட்டுவது 500 கன மீட்டர், கான்கிரீட் 2,000 கன மீட்டர். சாதாரண ஒப்பந்ததாரர் பாறைக்கு 900 ரூபாயும் கான்கிரீட்டுக்கு 6,200 ரூபாயும் கேட்கிறார். மொத்தம் 1 கோடியே 28 லட்சத்து 50 ஆயிரம். உள்ளே ஆள் வைத்திருப்பவர் பாறைக்கு 1,800, கான்கிரீட்டுக்கு 5,800 கேட்கிறார். மொத்தம் 1 கோடியே 25 லட்சம். அவர்தான் குறைந்த விலை, வேலை அவருக்கு. தோண்டினால் பாறை 500 இல்லை, 4,000 கன மீட்டர். இறுதிப் பட்டியல் 1 கோடியே 88 லட்சம். சாதாரணமானவருக்குக் கொடுத்திருந்தால் அதே வேலை 1 கோடியே 60 லட்சத்தில் முடிந்திருக்கும். பாறை எவ்வளவு என்பது துளையிட்டு மண் பரிசோதனை செய்த அறிக்கையில் இருந்தது. அந்த அறிக்கை டெண்டர் ஆவணத்தில் இணைக்கப்படவில்லை. ஒருவர் மட்டும் அதைப் படித்திருந்தார். இங்கே யாரும் எந்த நிபந்தனையையும் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு காகிதத்தை இணைக்காமல் விட்டதற்குத்தான் இந்த 28 லட்சம். அளவு குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினால் விலையை மறுபடி நிர்ணயிக்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அதனால் முதலில் அந்த ஷரத்து இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதுகிற உதவிப் பொறியாளரை வில்லனாக்குவது சுலபம். கருவிகள் கொள்முதலைப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரியும். ஸ்கேன் இயந்திரத்துக்கோ குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ விவரக்குறிப்பு எழுதும் அறிவு துறைக்குள் இருப்பதில்லை. உத்தேச விலை கேட்டு ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் போகும். நிறுவனம் விலையோடு சேர்த்து விவரக்குறிப்பையும் நேர்த்தியாகத் தட்டச்சு செய்து அனுப்பும். வேலைப்பளுவில் அது அப்படியே டெண்டரில் ஒட்டப்படும். அதில் ஏழாவது வரியிலோ ஒன்பதாவது வரியிலோ, அந்த நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும் ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும். ஒரு ரூபாய்கூடக் கைமாறாமல் போட்டி முடிந்துவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காக அரசிடம் பேசுவதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1995 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும். அங்கேயும் பணம் பேசாமல் இல்லை, ஆனால் யார் யாருக்காகப் பேசினார்கள் என்பது ஏட்டில் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டமே கிடையாது.

ஒட்டிப் பார்க்க வேண்டிய தேதி

பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வங்கியில் வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2017 நிதிச் சட்டத்தின் வழியே, ஒரு நிறுவனம் தன் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை தரக்கூடாது என்ற வரம்பு எடுக்கப்பட்டது. 2018 ஜனவரியில் பத்திரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தையும், வரம்பில்லா நன்கொடைக்கு வழிவிட்ட திருத்தத்தையும் ரத்து செய்தது. மார்ச் 14 அன்று பெயர்களும் தொகைகளும் வெளிவந்தன. மார்ச் 21 அன்று பத்திர எண்களும் வந்தபோது யாருடைய பணம் எந்தக் கட்சிக்கு என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. பத்திரிகைகளும் ஆர்வலர்களும் உடனே செய்தது, பத்திரம் வாங்கிய தேதியை ஒப்பந்தம் கிடைத்த தேதியோடு ஒட்டிப் பார்த்ததுதான்.

அந்த ஒப்பீடு தவறான தேதியைப் பிடித்துக்கொண்டது என்பது என் கருத்து. நிறைய அரசு வேலை எடுக்கிற நிறுவனத்துக்கு மாதாமாதம் ஏதாவது ஒரு ஒப்பந்தம் கிடைத்துக்கொண்டே இருக்கும். எந்த நாளில் நன்கொடை கொடுத்தாலும் பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கும். தற்செயல் என்று அவர்கள் சொல்வதை மறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. நன்கொடையின் தேதியை ஒட்டிப் பார்க்க வேண்டியது தகுதி நிபந்தனை மாறிய தேதியோடு: திருத்த அறிவிப்பு வெளியான நாள், வரைவு நிபந்தனைக்கு ஒப்புதல் கிடைத்த நாள், பத்து வேலையை ஒரே பேக்கேஜாகச் சேர்க்க உத்தரவான நாள். இவை அடிக்கடி நடப்பவை இல்லை. ஒரு துறையில் ஆண்டுக்குச் சில முறைதான் நடக்கும். அங்கே தேதிகள் பொருந்தினால் தற்செயல் என்ற பதில் அவ்வளவு சுலபமாக எடுபடாது. அப்போதும் அது குற்றத்துக்கு நிரூபணம் ஆகிவிடாது, ஆனால் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதையாவது காட்டிக்கொடுக்கும்.

கட்சிகளுக்கு ஏன் இவ்வளவு பணம் தேவைப்படுகிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கலாம். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே இல்லை.

கேள்வி கேட்கிற நேரம்

டெண்டர் இன்னொருவருக்குப் போன பிறகு வழக்குப் போடுவது பெரும்பாலும் வீண். 1994-இல் டாடா செல்லுலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லைதான் இன்றும் பின்பற்றப்படுகிறது: முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் மேல்முறையீடு போலப் பார்க்காது, முடிவெடுத்த விதத்தில் கோளாறு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். தகுதி நிபந்தனை வகுப்பது துறையின் உரிமை என்பதே பொதுவான நிலை. நிபந்தனையை ஏற்றுக்கொண்டு டெண்டரும் போட்டு, தோற்ற பிறகு நிபந்தனையே சரியில்லை என்று போனால், முன்பே ஏன் வரவில்லை என்பார்கள். மேலே சொன்ன தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வழி தருகிறது. ஆனால் அது டெண்டரை ஏற்ற ஆணைக்கு எதிரானது. ஆளைக் கழித்த நிபந்தனைக்கு எதிராக அங்கே இடமில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பவர்களும் பெரும்பாலும் கேட்கக்கூடாததைக் கேட்டு, "வணிக ரகசியம்" என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டும் பதிலை வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் முடிவான பிறகு கேளுங்கள், வென்றவரின் விலையைக் கேட்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். வரைவு நிபந்தனைக்கு ஒப்புதல் தந்த கோப்பின் குறிப்புப் பக்கங்கள், அவகாசத்தைக் குறைத்ததற்கு எழுதிய காரணம், தகுதி நீக்கம் செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுக் குழு எழுதிய காரணம், லீடு அட்டவணை ஆகியவற்றைக் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள். கோப்புக் குறிப்பும் சட்டத்தின்படி தகவல்தான். தகுதி நீக்கக் காரணங்களை வரிசையாக வைத்துப் படித்தால் விஷயம் விளங்கும்: ஒருவர் பக்க எண் போடவில்லை என்று கழிக்கப்பட்டிருப்பார், அதே குறை வென்றவரின் ஆவணத்தில் "விளக்கம் பெறப்பட்டது" என்று சரிசெய்யப்பட்டிருக்கும்.

இதையெல்லாம்விடப் பயனுள்ள நேரம், டெண்டருக்கு முந்தைய கூட்டம். பல பெரிய டெண்டர்களில் இது உண்டு. எழுத்தில் கேள்வி அனுப்பலாம், துறை எழுத்தில் பதில் தர வேண்டும், பதில்கள் எல்லோருக்கும் தெரியும்படி வெளியாகும். அங்கே "இந்த நிபந்தனை குறிப்பிட்ட ஒருவருக்குச் சாதகமாக இருக்கிறது" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. குற்றச்சாட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இப்படிக் கேட்க வேண்டும்: "கலவையின் வெப்பத்தைக் களத்திலேயே அளந்து நிராகரிக்க விவரக்குறிப்பில் வழி இருக்கும்போது, ஆலை 40 கிலோமீட்டருக்குள் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதன் தொழில்நுட்பக் காரணம் என்ன? குத்தகை ஆலையை ஏன் ஏற்கக்கூடாது? பணி ஆணைக்குப் பின் 60 நாள் அவகாசம் ஏன் தரக்கூடாது?" மூன்றும் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள். சில சமயம் திருத்த அறிவிப்பு வந்து "சொந்தமாக" என்பது "சொந்தமாகவோ குத்தகைக்கோ" என்று மாறும். பெரும்பாலும் "டெண்டர் நிபந்தனையே பொருந்தும்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். அந்த ஒற்றை வரியைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். கடைசி தேதிக்கு முன் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர் கையில், காரணம் கேட்கப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை என்பதற்குத் துறையே தேதி போட்டுக் கொடுத்த சான்று அதுதான்.